சிறுதொழில் காப்பீடு: சட்டம் கேட்பது, வங்கி கேட்பது, கடைக்கு வேண்டியது

சின்னக் கடையோ பட்டறையோ நடத்துகிறவரிடம் காப்பீட்டைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் மூன்று பதில்களில் ஒன்று வரும். "எல்லாம் கட்டாயம்னு ஏஜென்ட் சொன்னார், போட்டுட்டேன்." "சட்டத்துல அப்படி ஒண்ணும் இல்ல, எதுக்கு வீண் செலவு?" "லோன் வாங்கும்போதே பேங்க்ல போட்டுட்டாங்க, நமக்குக் கவலை இல்ல." மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அதிகம் பேரைக் கவிழ்ப்பது மூன்றாவது பதில்தான். தீயோ வெள்ளமோ வந்து, பணம் கைக்கு வரவேண்டிய நேரத்தில்தான் அந்தப் பாலிசி யாருக்காக எடுக்கப்பட்டது என்று தெரிகிறது.

சட்டம் கேட்பது ஒன்று. கடன் கொடுத்தவரும் வேலை கொடுத்தவரும் கேட்பது இன்னொன்று. கடை மறுபடி எழுந்து நிற்க வேண்டியது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒன்றாகக் கலந்து பேசுவதால்தான் இத்தனை குழப்பம். தமிழ்நாட்டில் தொழில் நடத்தும் ஒருவருக்கு இவை எப்படிப் பொருந்துகின்றன என்று பார்ப்போம்.

## அடிப்படை: பணம் எங்கிருந்து வருகிறது?

ஒரு கடைத்தெருவில் 200 கடைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு ஏதோ ஒரு கடையில் தீப்பிடித்து 6 லட்சம் ரூபாய் சரக்கு போகிறது. எந்தக் கடை என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. ஆளுக்கு 3,000 ரூபாய் ஒரு பொது உண்டியலில் போட்டால் 6 லட்சம் சேர்ந்துவிடும். எரிந்த கடைக்காரர் அதை எடுத்துக்கொள்வார். மற்ற 199 பேருக்கும் பணம் திரும்பி வராது.

காப்பீட்டு நிறுவனம் செய்வது இந்த உண்டியல் வேலையைத்தான், பல ஊர்களைச் சேர்த்துப் பெரிய அளவில். நீங்கள் போடும் 3,000 ரூபாய்தான் பிரீமியம். எதற்கு, எவ்வளவு வரை, எந்த நிபந்தனையில் பணம் தரப்படும் என்று எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம் பாலிசி. அதில் எழுதியிருக்கும் உச்சவரம்பு காப்பீட்டுத் தொகை. இழப்பு நேர்ந்தபின் பணம் கேட்பது கிளெய்ம்.

கட்டிய பணம் திரும்பாது என்பதால் இது சேமிப்பு இல்லை. பலரும் முதன்முதலில் பார்த்த காப்பீடு, முதிர்வுத் தொகை தரும் ஆயுள் பாலிசி. அதே எண்ணத்தோடு கடைக் காப்பீட்டைப் பார்க்கும்போது "பத்து வருஷம் கட்டினேன், ஒண்ணும் வரலையே" என்ற ஆதங்கம் வருகிறது. அந்தப் பத்து வருஷமும் கடை எரியவில்லை, அவ்வளவுதான்.

அதேபோல, இழந்ததற்குமேல் ஒரு ரூபாயும் கிடைக்காது. 8 லட்சம் சரக்குக்கு 20 லட்சத்துக்குப் பாலிசி எடுத்தாலும் வருவது 8 லட்சம்தான். ஆனால் குறைத்து எடுத்தால் நடப்பது வேறு கணக்கு. அதற்குப் பிறகு வருகிறேன், இந்தக் கட்டுரை எழுதக் காரணமே அதுதான்.

## சட்டம் கேட்பது

வண்டியிலிருந்து தொடங்கலாம். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி, சரக்கு ஆட்டோவாக இருந்தாலும் டெலிவரிக்குப் போகும் ஸ்கூட்டராக இருந்தாலும், மூன்றாம் தரப்புக் காப்பீடு இல்லாமல் ரோட்டில் ஓடக்கூடாது. உங்கள் வண்டியால் வேறொருவருக்கு ஏற்படும் பாதிப்புக்கு இழப்பீடு தருவதுதான் மூன்றாம் தரப்புக் காப்பீடு. உங்கள் வண்டிக்கோ அதில் ஏற்றிய சரக்குக்கோ அதில் ஒன்றும் கிடைக்காது.

அடுத்தது வேலையாட்கள். பத்துப் பேர் அல்லது அதற்குமேல் வேலை செய்யும் தொழிற்கூடமோ கடையோ ஈ.எஸ்.ஐ.யில் பதிவு செய்ய வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்களுக்கு இது பொருந்தும். முதலாளியின் பங்கு சம்பளத்தில் 3.25 சதவீதம், தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம். 14,000 ரூபாய் சம்பளத்துக்கு முதலாளி 455 ரூபாயும் தொழிலாளி 105 ரூபாயும் கட்டுகிறார்கள். இந்த 560 ரூபாயில் குடும்பத்துக்கே மருத்துவம், நோய்க்கால ஊதியம், பிரசவகால ஊதியம், வேலையில் விபத்து நேர்ந்தால் உதவித்தொகை எல்லாம் அடங்கும். ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வரிசையைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம். ஆனாலும் இந்த விலைக்கு இவ்வளவு பாதுகாப்பு தரும் தனியார் பாலிசியை நான் பார்த்ததில்லை.

பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் பொறுப்பு இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். மிகவும் ஆபத்தான எண்ணம் அது. ஈ.எஸ்.ஐ. பொருந்தாத இடத்தில், வேலையினால் நேரும் விபத்துக்கு முதலாளியே இழப்பீடு தர வேண்டும் என்பது 1923-லிருந்து இருக்கும் சட்டம். 1948-இன் ஈ.எஸ்.ஐ. சட்டத்தோடு சேர்த்து இதுவும் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. 2020-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய அந்தத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது.

தொகை எவ்வளவு வரும்? கோவையில் ஆறு பேர் வேலை செய்யும் ஒரு லேத் பட்டறையை எடுத்துக்கொள்வோம். 30 வயதுத் தொழிலாளி, சம்பளம் 12,000 ரூபாய். வேலை நேரத்தில் விபத்தில் இறந்துவிடுகிறார். சம்பளத்தில் பாதியை வயதுக்கேற்ற ஒரு காரணியால் பெருக்க வேண்டும். 30 வயதுக்குச் சட்டத்தின் அட்டவணையில் இருப்பது 207.98. ஆக, 6,000 பெருக்கல் 207.98 என்றால் 12,47,880 ரூபாய். தவறு முதலாளி மேல் இருந்ததா என்ற கேள்விகூட இங்கே எழாது. ஆறு பேரை வைத்து நடத்துகிறவர் இதைக் கையிலிருந்து எடுத்துக் கொடுக்க முடியுமா? பட்டறையையே விற்றாக வேண்டும். முடியாவிட்டால் அந்தக் குடும்பம் தெருவில் நிற்கும்.

இந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும் பாலிசியைத் தொழில் வட்டாரத்தில் டபிள்யூ.சி. பாலிசி என்பார்கள். இழப்பீடு கொடுப்பது சட்டக் கட்டாயம். அதற்குப் பாலிசி எடுப்பது உங்கள் விருப்பம். என் கருத்தில், பத்துப் பேருக்குக் குறைவாக வைத்து இயந்திரம் ஓட்டும் எவரும் முதலில் எடுக்கவேண்டியது இதுதான், தீ பாலிசிக்கும் முன்னால்.

இன்னொன்று, 1991-இன் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம். 1984 போபால் விஷவாயுப் பேரழிவுக்குப் பிறகு வந்தது. அரசு அறிவித்த அபாயகரமான பொருட்களை, அறிவித்த அளவுக்குமேல் கையாளும் தொழிலுக்கு மட்டும் இது கட்டாயம். மளிகைக் கடைக்கும் தையல் கூடத்துக்கும் இதில் வேலை இல்லை. ரசாயனம், எரிவாயு சார்ந்த தொழில் என்றால் உரிமம் வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சுருக்கமாக: வண்டிக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு, பத்துப் பேர் இருந்தால் ஈ.எஸ்.ஐ., அபாயப் பொருட்களுக்குப் பொதுப் பொறுப்பு. சாதாரணக் கடைக்குத் தீக் காப்பீடோ திருட்டுக் காப்பீடோ எடுத்தே ஆக வேண்டும் என்று இந்தச் சட்டங்கள் எதிலும் இல்லை. "இது இல்லாட்டி கடைய மூடிருவாங்க" என்று யாராவது தீ பாலிசியை நீட்டினால், எந்தச் சட்டம் என்று கேளுங்கள்.

## வங்கி கேட்பது

சரக்கையோ இயந்திரத்தையோ ஈடு காட்டிக் கடன் வாங்கினால், அவற்றைக் காப்பீடு செய்யும்படி வங்கி கேட்கும். கடனுக்கு ஈடாக இருப்பது எரிந்துபோனால் கடன் வசூலாகாதே என்ற கவலை அதற்கு, நியாயமான கவலைதான். பாலிசியில் வங்கியின் பெயரும் ஏறும். கிளெய்ம் தொகை முதலில் வங்கிக்குத்தான் போக வேண்டும் என்று ஒரு விதியும் சேரும். அதற்கு பேங்க் கிளாஸ் என்று பெயர்.

சிக்கல் தொகையில் இருக்கிறது. வங்கியே பிரீமியத்தை உங்கள் கணக்கில் கழித்துப் பாலிசி போடும்போது, பல இடங்களில் கடன் அளவுக்கு மட்டும் போட்டுவிடுகிறார்கள். வங்கியின் பணத்துக்கு அது போதும். உங்கள் பணத்துக்குப் போதாது. வருஷாவருஷம் புதுப்பிக்கும் பொறுப்பும் பெரும்பாலான கடன் ஒப்பந்தங்களில் கடன் வாங்கியவர் தலையில்தான் இருக்கும். "பேங்க் பார்த்துக்கும்" என்று விட்டவர், பாலிசி காலாவதியானதை வெள்ளம் வடிந்தபிறகு தெரிந்துகொள்வார்.

வங்கிக்கிளை கைகாட்டும் நிறுவனத்திடம்தான் எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. எங்கே எடுத்தாலும், வங்கியின் பெயரைச் சேர்த்து, போதுமான தொகைக்கு எடுத்துக் காட்டினால் போதும்.

## குறைத்துப் போட்டால்: ஆவரேஜ் கணக்கு

ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடை. கடையில் இருக்கும் சரக்கு 40 லட்சம் ரூபாய். வங்கிக் கடன் 15 லட்சம். வங்கி போட்ட பாலிசியும் 15 லட்சம். கடையின் ஒரு பகுதியில் தீப்பிடித்து 8 லட்சம் ரூபாய்ச் சரக்கு நாசமாகிறது. பாலிசி 15 லட்சத்துக்கு இருக்கிறது, இழப்பு 8 லட்சம்தான். முழுசாக வந்துவிடும் என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

வராது. 40 லட்சம் சரக்கில் 15 லட்சத்துக்கு மட்டும் பிரீமியம் கட்டியிருக்கிறீர்கள். அதாவது 37.5 சதவீதம். ஆகவே எந்த இழப்பிலும் 37.5 சதவீதத்தைத்தான் நிறுவனம் ஏற்கும். 8 லட்சத்தில் அது 3 லட்சம். மீதி 5 லட்சம் உங்கள் நஷ்டம். வந்த 3 லட்சமும் பேங்க் கிளாஸ்படி முதலில் வங்கிக்குப் போகும். இப்படி விகிதப்படி குறைப்பதைத்தான் "ஆவரேஜ் போட்டுட்டாங்க" என்று வியாபாரிகள் கசப்போடு சொல்வார்கள்.

இது நிறுவனத்தின் சூழ்ச்சி என்று பலரும் நம்புகிறார்கள். அந்தப் பொது உண்டியலை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலான தீ விபத்துகளில் கடை முழுக்க எரிவதில்லை, ஒரு பகுதிதான் போகும். 40 லட்சம் சரக்குள்ளவரும் 15 லட்சம் சரக்குள்ளவரும் ஒரே பிரீமியம் கட்டி, பகுதி இழப்புக்கு முழுப் பணம் வாங்கிக்கொண்டால், சின்னக் கடைக்காரர் பணத்தில் பெரிய கடைக்காரர் பிழைப்பதாகிவிடும். கணக்கில் நியாயம் இருக்கிறது. அநியாயம் வேறு இடத்தில்: பாலிசி எடுக்கும் நாளில் இதை ஒருவரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை.

2021 ஏப்ரல் 1 முதல் இதில் ஒரு நல்ல மாற்றம் வந்தது. காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அமைப்பு, எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே மாதிரி விதிகளோடு விற்கவேண்டிய பாலிசிகளைக் கொண்டுவந்தது. ஓரிடத்தில் உள்ள சொத்தின் மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய் வரை என்றால் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா'. 5 கோடிக்குமேல் 50 கோடி வரை என்றால் 'பாரத் லகு உத்யம் சுரக்ஷா'. இவற்றில் 15 சதவீதம் வரை குறைத்துப் போட்டிருந்தால் ஆவரேஜ் கிடையாது. அதே ஈரோட்டுக் கடை 34 லட்சத்துக்கு எடுத்திருந்தால் 8 லட்சமும் கணக்கில் வந்திருக்கும்.

சரி, சரக்கை எந்த விலைக்கு மதிப்பிடுவது? உங்களுக்கு அடக்கமான விலைக்கு, விற்கும் விலைக்கு இல்லை. கட்டடம் என்றால் மறுபடி கட்ட ஆகும் செலவு. மனையின் விலையைச் சேர்க்கக் கூடாது, மண் எரிவதில்லை. இயந்திரத்தைப் புதிதாக வாங்கும் விலைக்குக் காப்பீடு செய்தால்தான் புதிது வாங்கப் பணம் வரும். தேய்மானம் கழித்த மதிப்புக்கு எடுத்தால் பழைய இயந்திரத்தின் விலைதான் வரும். தீபாவளிக்குச் சரக்கு இறக்குகிறவர்கள் ஆடி மாதத்துக் கையிருப்பை வைத்துத் தொகை போடக் கூடாது. வருஷத்தின் உச்சச் சரக்குக்குப் போடுங்கள், அல்லது சீசனுக்கு முன்பு தொகையை உயர்த்தி எழுதி வாங்குங்கள். நடப்புப் பாலிசியில் செய்யும் அப்படிப்பட்ட திருத்தத்துக்குப் பெயர் எண்டார்ஸ்மென்ட்.

இன்னொரு விஷயத்தை யாரும் வெளியே பேசுவதில்லை. கூடுதல் கடன் எடுப்பதற்காக வங்கிக்குக் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் சரக்கை ஏற்றிக் காட்டும் பழக்கம். தீ விபத்துக்குப் பிறகு அதே தாள் உங்களுக்கு எதிராக வரும். கணக்குப் புத்தகத்தில் 40, வங்கிக்குக் காட்டியது 60 என்றால், எது உண்மை என்ற கேள்வியில் கிளெய்ம் மாதக்கணக்கில் இழுக்கும்.

சுருக்கமாக: பாலிசித் தொகை கடனைப் பார்த்து இல்லை, சொத்தின் முழு மதிப்பைப் பார்த்து இருக்க வேண்டும். பகுதி இழப்புக்கும் இது பொருந்தும்.

## வேலை கொடுப்பவர் கேட்பது

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பெரிய ஆலைக்குள் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பழகிய விஷயம். ஆட்களின் ஈ.எஸ்.ஐ. எண்ணோ டபிள்யூ.சி. பாலிசியோ காட்டினால்தான் கேட் பாஸ். இவை ஒப்பந்த நிபந்தனைகள். ஒவ்வொரு கம்பெனிக்கும் மாறும்.

திருப்பூர் ஜாப் ஒர்க் யூனிட்டுகள் கவனிக்க வேண்டியது வேறு. யூனிட்டுக்குள் கிடக்கும் துணி பெரும்பாலும் உங்களுடையது இல்லை, ஆர்டர் கொடுத்தவருடையது. வழக்கமான தீ பாலிசியில் பிறர் பொருள், அதை வைத்திருப்பதாகத் தனியே எழுதினால்தான் அடங்கும். எழுதாமல் விட்டு தீப்பிடித்தால், தையல் மெஷினுக்குப் பணம் வரும், துணிக்கு வராது. துணிக்காரர் உங்களிடம்தான் கேட்பார்.

## பாலிசியின் முதல் தாள்

பாலிசிப் புத்தகம் முழுவதையும் படிக்க எல்லாருக்கும் பொறுமை இருக்காது. முதல் ஓரிரு தாள்களில் இருக்கும் ஷெட்யூல் என்ற விவரப் பட்டியலையாவது விரல் வைத்துப் படியுங்கள்.

அதில் முகவரி இருக்கும். சரக்கு அந்த முகவரியில் இருந்தால்தான் பாதுகாப்பு. பின்தெருவில் ஒரு குடோன் வாடகைக்கு எடுத்து மூட்டைகளை மாற்றிவிட்டு, பாலிசியில் சேர்க்க மறந்தவர்களுக்குக் கிளெய்ம் நிராகரிக்கப்படுவது சாதாரணமாக நடக்கிறது. தொழில் என்ற இடத்தில் ஜவுளி என்று இருந்து, கடையில் பெயின்ட்டும் தின்னரும் விற்கத் தொடங்கியிருந்தால் தெரிவித்தாக வேண்டும். ஆபத்தின் அளவே மாறிவிட்டது. கட்டடம், இயந்திரம், மரச்சாமான், சரக்கு என்று தொகை தனித்தனியாக இருக்கிறதா பாருங்கள். வாடகைக் கடைக்காரர் பெயரில் கட்டடத்துக்குத் தொகை போட்டு, சரக்குக்குக் குறைத்திருப்பதும் உண்டு. கடைசியாகத் தேதியும் நேரமும். காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவுப்படி, பிரீமியம் கைக்கு வந்தபிறகே நிறுவனத்தின் பொறுப்பு தொடங்கும். "நாளைக்குக் கட்டிடறேன், நீங்க போட்டுருங்க" என்று ஏஜென்டிடம் சொன்ன வாய்வார்த்தைக்கு மதிப்பு இல்லை.

## தீ பாலிசிக்குள் எது, வெளியே எது?

பேர்தான் தீ பாலிசி. தீயோடு இடி, புயல், வெள்ளம், கலவரம் போன்றவையும் அதில் அடங்கும். முன்பெல்லாம் புயல், வெள்ளத்தை விட்டுவிட்டால் பிரீமியத்தில் தள்ளுபடி உண்டு. அந்தத் தள்ளுபடிக்கு ஆசைப்பட்ட சென்னைக்காரர்களுக்கு 2015 டிசம்பர் பாடம் சொன்னது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டை மூழ்கியது. அதே மாதம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 'பாரத்' பாலிசிகளில் வெள்ளம் உள்ளேயே இருக்கிறது. வேறு பெயரில் எதையாவது விற்றால், புயல் வெள்ளம் இருக்கிறதா என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

பூட்டை உடைத்துத் திருடுவது தீ பாலிசியில் வராது. அதற்குத் திருட்டுக் காப்பீடு. பூட்டையோ ஷட்டரையோ உடைத்து நுழைந்ததற்கான அடையாளம் இல்லாவிட்டால் அதிலும் சிக்கல்தான். வேலையாளே கையாடினால் அதற்கு ஃபிடிலிட்டி காப்பீடு என்று தனியாக உண்டு. மோட்டார் உள்ளுக்குள் பழுதானால் அது இயந்திரப் பழுதுக் காப்பீடு. கடைக்கு வந்த வாடிக்கையாளர் வழுக்கி விழுந்து நஷ்டஈடு கேட்டால் பொறுப்புக் காப்பீடு. இவற்றில் பலவற்றை ஒன்றாகக் கட்டி, கடைக்காரர் பாலிசி என்ற பெயரில் தருகிறார்கள். எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதில்லை. நகைக்கடைக்குத் திருட்டு முக்கியம், ஐஸ் கம்பெனிக்கு இயந்திரம், ஹோட்டலுக்குத் தீயும் வாடிக்கையாளர் பொறுப்பும்.

முதலாளி தன்னை மறந்துவிடுவதையும் சொல்ல வேண்டும். ஈ.எஸ்.ஐ. தொழிலாளிக்குத்தான், கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு இல்லை. வங்கிக் கணக்கு வழியாக வருஷத்துக்கு 20 ரூபாயில் கிடைக்கும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் உண்டு. அதுவாவது இருக்கட்டும்.

## இழப்பு நேர்ந்தால்

அன்றைக்கே நிறுவனத்துக்குத் தகவல் கொடுத்து, கிளெய்ம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தீ என்றால் தீயணைப்புத் துறையின் அறிக்கை, திருட்டு என்றால் எஃப்.ஐ.ஆர். வேண்டும். இழப்பை மதிப்பிட நிறுவனம் ஒரு சர்வேயரை அனுப்பும், இவர் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உரிமம் பெற்றவர். அவர் பார்ப்பதற்கு முன்னால் நனைந்த சரக்கையோ கரிந்த மூட்டைகளையோ அள்ளிக் கொட்டிவிடாதீர்கள். நாற்றம் தாங்காமல் சுத்தம் செய்யத்தான் கை துடிக்கும். ஆனால் சான்றே அதுதான். மேலும் கெடாமல் ஒதுக்கி வைத்து, எல்லாக் கோணத்திலும் போட்டோ, வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

சர்வேயர் கேட்பது கொள்முதல் பில், ஜி.எஸ்.டி. கணக்குகள், ஸ்டாக் ரிஜிஸ்டர். கடையிலிருந்த கம்ப்யூட்டரோடு கணக்கும் எரிந்துபோயிருந்தால்? ஆடிட்டர் அலுவலகத்திலோ வீட்டிலோ ஒரு பிரதி இருக்கட்டும்.

தொகை குறைந்தாலோ மறுக்கப்பட்டாலோ முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பு அதிகாரியிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. நிறுவனம் மறுத்து ஒரு வருஷத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்கலாம். தனியுரிமைத் தொழில் நடத்துகிறவர்களுக்கும் குறுந்தொழில்களுக்கும் இந்த வழி திறந்திருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல் முதலீடு 2.5 கோடிக்குள்ளும் விற்றுமுதல் 10 கோடிக்குள்ளும் இருப்பவை குறுந்தொழில்கள். பங்குதாரர்களாகவோ கம்பெனியாகவோ நடத்துகிறவர்கள், உதயம் என்ற அரசின் சிறுதொழில் பதிவில் குறுந்தொழில் என்று இருக்கும் சான்றிதழின் நகலை மனுவோடு இணைத்துக் கொடுப்பது நல்லது.